படத்தோடு வந்த மரம்

அந்தக் கட்டடப் படத்தில் ஒரு மரம் இருந்தது. வானத்திலிருந்து குனிந்து பார்த்தால் மரம் எப்படித் தெரியுமோ அப்படி: ஒரு வட்டம், விளிம்பெல்லாம் முள்முள்ளாகச் சின்னக் கோடுகள், நடுவில் தண்டுக்கு ஒரு புள்ளி. கம்ப்யூட்டர் திரையில் பச்சையாக இருக்கும், தாளில் அச்சாகி வரும்போது கறுத்துவிடும். திருவொற்றியூரில் ஒரு இரும்புக் கடையின் மாடியில் அண்ணாச்சி நடத்திய டிராயிங் ஆபீசிலிருந்து வெளியே போன படங்களில் பெரும்பாலானவற்றில் அந்த மரம் நின்றது. லாரி ஷெட்டின் படத்தில் நின்றது. உப்பு அரைக்கும் மில்லின் படத்தில் நின்றது. கண்டெய்னர் யார்டுக்குப் போட்ட கழிப்பறையின் படத்தில்கூட, வாசலுக்கு நேராக, உள்ளே போகிறவன் முட்டிக்கொள்கிற மாதிரி நின்றது. அந்த இடங்களுக்கெல்லாம் டேப் பிடித்து அளவெடுக்கப் போனவன் நான். அங்கே மரம் இல்லை. கரித்தூள் படிந்த சிமெண்டுத் தரைதான் இருந்தது. தண்டையார்பேட்டையில் ஒரு எண்ணெய்க் கிடங்கின் ஓரத்தில் மட்டும் ஒரு தூங்குமூஞ்சி மரம் உண்மையாகவே இருந்தது. அந்த ஒரு மரம்தான் கோட்டு வட்டமாகி, ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு ஒட்டிக்கொண்டு வட சென்னை முழுவதும் சுற்றியது. இப்போதும் எங்காவது சிமெண்டுத் தரையில் வட்டமாகக் கல் கட்டி ஒரு மரக்கன்று நிற்பதைப் பார்த்தால் எனக்கு வாயில் உப்புநீர் ஊறுகிறது. வாந்திக்கு முன்னால் ஊறுமே, அது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். காசிமேட்டில் ஐஸ் உடைத்தேன். ஹார்பரில் கண்டெய்னர் லாரிக்குக் கிளீனராகப் போனேன். எண்ணூர் அனல்மின் நிலையத்தில் சாம்பல் வாரினேன். குஜராத் பக்கம் கப்பல் உடைக்கப் போய் முதுகில் ஒரு தீத்தழும்போடு திரும்பினேன். எந்த இடத்திலும் கால் தரிக்காது. மழைக்கால நாய் மாதிரி அலைந்தேன். அம்மா போன பிறகு, ராயபுரத்தில் அக்கா குடியிருந்த ஒற்றை அறைதான் நான் திரும்பி வருவதற்கு இருந்த ஒரே விலாசம். அக்கா இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை செய்தாள். ஐஸ் தண்ணீரிலேயே கிடந்து அவள் விரல் நுனிகளில் தோல் நிற்காது. குழம்பு பட்டால் எரியும் என்று கரண்டியில்தான் சாப்பிடுவாள்.

அண்ணாச்சி தெற்கேயிருந்து சின்ன வயதில் வந்து, சொந்தக்காரரின் மளிகைக் கடையில் பொட்டலம் மடித்து, பிறகு தனியாக இரும்புக் கடை போட்டவர். ஆங்கிள் இரும்பும் போல்ட்டும் வாங்க வருகிறவர்களுக்குப் படமும் வேண்டியிருக்கிறது என்று கவனித்து, மாடியில் இரண்டு கம்ப்யூட்டரைப் போட்டு, டிராயிங் ஆபீஸ் என்று போர்டு மாட்டினார். அவருக்கு ஒரு கோடு வரையத் தெரியாது. தெரிய வேண்டும் என்றும் நினைத்ததில்லை. படங்களை அவர் படம் என்று சொல்லவே மாட்டார், சரக்கு என்பார். ஒரு காலி அல்வா டப்பாவில் பென் டிரைவ்களைக் கொட்டி வைத்திருப்பார். அதைக் குலுக்கிக் காட்டி, "சரக்கு எல்லாம் இதுக்குள்ள கெடக்கு, பாத்துக்க. புதுசா வரையுதவன் பொழைக்க மாட்டான்" என்பார். எந்நேரமும் முறுக்கு தின்பார். தின்ற விரலாலேயே மௌஸைப் பிடிப்பார். மௌஸ் எண்ணெய்ப் பலகாரம் மாதிரி வழுக்கும். அச்சாகி வந்த தாளில் எண்ணெய் விரலைத் துடைத்துவிட்டு அதையே மடித்து வாடிக்கையாளரிடம் கொடுப்பார். ஆனால் கெட்ட வார்த்தை பேச மாட்டார். மதியம் யாராவது சாப்பிடாமல் இருந்தால் தன் டிபன் கேரியரைத் திறந்து பாதியைத் தள்ளிவிடுவார். என்னை அவர் ஒரு நாளும் பசியோடு விட்டதில்லை. அதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது. அவர் கை சோற்றை நான் எவ்வளவோ தின்றிருக்கிறேன்.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவன் என்னைவிடச் சின்னவன். டிப்ளமோ முடித்திருந்தான், அதனால் எல்லாருக்கும் அவன் டிப்ளமோதான். பழைய படத்தைப் புதுப் படத்துக்குள் கொண்டுவருவது எல்லா ஆபீசிலும் நடக்கிற காரியம்தான் என்று அவன் எனக்கு விளக்கியிருக்கிறான். எவனும் ஒரு போல்ட்டை தினம் தினம் வரைந்துகொண்டிருக்க மாட்டான். ஆனால் கொண்டுவந்த பிறகு உள்ளே என்ன என்ன ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று திறந்து பார்க்க வேண்டும், வேண்டாததை அழிக்க வேண்டும், புது இடத்துக்குப் பொருத்த வேண்டும். இதற்காகவே கம்ப்யூட்டர் மூன்று கேள்வி கேட்கும். எங்கே வைக்கட்டும், எவ்வளவு பெரிதாக வைக்கட்டும், எந்தப் பக்கம் திருப்பி வைக்கட்டும். ஒன்றும் சொல்லாமல் எண்டர் பொத்தானைத் தட்டினால், முன்பு எப்படி இருந்ததோ அப்படியே வைத்துவிடும். அண்ணாச்சி பின்னால் நின்று முறுக்கைக் கடித்துக்கொண்டே சொல்வார்: "மிஷின் கேக்குத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிட்டு இருந்தா கடையச் சாத்திட்டுப் போகவேண்டியதுதான். எண்டரத் தட்டுலே." டிப்ளமோ தட்டுவான். டக், டக், டக். கீழே இரும்புக் கடையில் தராசில் எடைக்கல் விழுகிற மாதிரி ஒரு சத்தம். மூன்று எண்டரில் ஒரு படம் முடிந்துவிடும். மூலையில் இருக்கும் கட்டத்தில் பழைய கம்பெனியின் பேரை எடுத்துவிட்டுப் புதுக் கம்பெனியின் பேரைப் போடுவது மட்டும்தான் மிச்சம். அதுவும் சில சமயம் மறந்துபோகும்.

அப்படி ஒரு நாள் அக்கா வேலை செய்யும் கம்பெனியின் வேலையே வந்தது. பழைய கிடங்கு ஒன்றை வாங்கி, கீழே குளிர் அறையும் மேலே இறால் உரிக்கும் ஹாலுமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். குளிர் அறைக்கு அமோனியா வாயு ஓடும். குழாயில் எங்காவது கசிந்தால் முதலில் கண் எரியும், பிறகு மூச்சு நிற்கும். கட்டடத்துக்குள்ளே ஒரே ஒரு படிக்கட்டுதான். கசிவு கீழேதான் நடக்கும் என்பதால் மேலே இருக்கிற பெண்களுக்கு அந்தப் படி உதவாது. அதனால் வெளிச்சுவரில் ஒரு அவசரக் கதவும், அதிலிருந்து இறங்க ஒரு இரும்புப் படியும் இருந்தால்தான் அனுமதி என்று அரசாங்க ஆபீசில் சொல்லிவிட்டார்கள். படிக்குப் படம் போடக் கம்பெனிக்காரர்கள் அண்ணாச்சியிடம் வந்தார்கள். நான் டேப்போடு போனேன். கொத்தனார் ஏற்கெனவே மேல்சுவரில், ரோட்டைப் பார்த்த முனையில், வழியை உடைத்து இரும்புக் கதவைப் பொருத்தி, சிவப்பு அடித்திருந்தார். அக்காவும் இன்னும் சில பெண்களும் சாப்பாட்டு நேரத்தில் புது ஹாலைப் பார்க்க ஏறி வந்தார்கள்.

"இன்னாடா இது, செவப்பா கதவு? மாமியார் வூட்டுக்குப் போறதுக்கா?" என்றாள் அக்கா.

"உள்ளாற கேஸ் வந்தா நீங்கல்லாம் இந்த வழியா எறங்கணும். கீழ வரைக்கும் படி வரப்போவுது" என்றேன்.

அவள் கதவைத் தள்ளித் திறந்தாள். கடல் காற்று முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "படி வருதோ இல்லியோ, காத்து வருது. அது போதும் நைனா" என்றாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நான் தாளில் சுவரை வரைந்து, ரோட்டு முனையில் ஒரு கட்டம் போட்டு, உள்ளே கதவு என்று எழுதி ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மரம் இருந்த அந்தத் தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்குக்காக ஏற்கெனவே ஒரு படி வரைந்திருந்தார்கள். நேராக ஏறுகிற படி, மேலே நிற்க ஒரு மேடை. அங்கே கதவு கடல் முனையில் இருந்தது, மேடையும் கடல் முனையில். அண்ணாச்சி அல்வா டப்பாவைக் கவிழ்த்து அந்தப் பென் டிரைவைத் தேடி எடுத்தார். டிப்ளமோ அதைச் செருகி, படியைப் புதுப் படத்துக்குள் இழுத்தான். மூன்று கேள்வி வந்தது. மூன்றாவது, எந்தப் பக்கம் திருப்பி. இந்தக் கட்டடத்தில் கதவு ரோட்டு முனையில் இருப்பதால் படியைத் தலைமாற்றித் திருப்ப வேண்டும் என்பது என் தாளைப் பார்த்தாலே தெரியும். தாள் அவன் கைக்குப் பக்கத்தில்தான் கிடந்தது, அதன்மேல் அண்ணாச்சியின் முறுக்குப் பொட்டலம் இருந்தது. டக், டக், டக். படி வந்து சுவரில் ஒட்டிக்கொண்டது, மேடை கடல் முனையில். கூடவே மரமும் வந்தது.

அச்சாகி வந்ததை நான்தான் பார்த்தேன். "மேடை அந்தாண்ட கீது, கதவு இந்தாண்ட கீதேப்பா" என்றேன்.

டிப்ளமோ திரையைப் பார்த்தான். அவனுக்கும் தெரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. அண்ணாச்சியின் பக்கம் திரும்பினான். "திருப்பிப் போடவா அண்ணாச்சி? இந்த மரத்தையும் எடுத்துடறேன்."

"சவத்த விடு. லாரி கீழ நிக்கி, பட்டறைக்காரன் படத்துக்குக் காத்துக்கெடக்கான். கதவென்ன, கொத்தனாரு எங்க வேணா ஒடச்சு வச்சுக்கிடுவாரு. மரம் கெடக்கட்டும். பச்சையா ஒண்ணு இருந்தா பாக்குத ஆபீசருக்கு மனசு குளிரும்லா" என்றார் அண்ணாச்சி. பிறகு என் தோளில் கையைப் போட்டு, "டீ சாப்டியாலே?" என்று கேட்டார். சட்டையில் எண்ணெய் விரல்கள் பதிந்தன.

எண்ணூர்ப் பட்டறையில் செய்த படி லாரியில் வந்து இறங்கியது. தண்டையார்பேட்டையிலிருந்து வந்த வெல்டர் பாய் அதைச் சுவரோடு சேர்த்துப் போல்ட் அடித்து, பற்றவைத்து, முகமூடியைத் தூக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தார். படி ஏறி மேடையில் முடிகிற இடத்தில் வெறும் சுவர். சிவப்புக் கதவு சுவரின் மறுமுனையில், காற்றில் தொங்கியது. பாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னிடம் கேட்டார்: "இன்னா மாமு இது? படி இங்க முடியுது, கதவு அங்க கீது. நடுவுல றெக்கை கட்டிகினு போவணுமா?" கீழே நின்ற லோடுமேன்கள் சிரித்தார்கள். இது கண்ணுள்ள எவனுக்கும் தெரிகிற தப்பு. சூப்பர்வைசர் பார்த்தார், கொத்தனார் பார்த்தார், டீ கொண்டுவந்தவன் பார்த்தான். மேடைக்கு நேராகச் சுவரை உடைக்க முடியாது, அதற்குப் பின்னால்தான் மேலேறி வரும் குளிர்க் குழாய்கள். படியைக் கழற்றித் திருப்புவதற்கு அடித்தளத்தைப் புதிதாகப் போட வேண்டும். அந்தச் செலவை ஏற்க யாரும் முன்வரவில்லை. பாய்தான் வழி சொன்னார். கதவிலிருந்து மேடை வரைக்கும் சுவரோடு ஒட்டி ஒரு நடைபாதை. நாலு ஆங்கிள், மேலே இரும்புத் தகடு, ஓரத்தில் கைப்பிடி. "ஒரு நாள் வேல. தகடு மட்டும் குடு, அடிச்சி உட்டுப் போறேன்."

அண்ணாச்சி ஸ்கூட்டரில் வந்தார். மேலே பார்த்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை, ஈரமான சிரிப்பு. பாய் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "நடைபாதை படத்துல இல்லயே பாய். படத்துல இல்லாதத சுவத்துல வச்சா, அப்பம் படம் தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும்லா. நான் படத்தச் சரி பண்ணிக்கிடுதேன்." அன்று சாயந்திரம் படத்தைச் சரி செய்தார்கள். திரையில் சிவப்புக் கதவைப் பிடித்து இழுத்து, கடல் முனையில், மேடைக்கு நேராக வைத்தார்கள். இப்போது தாளில் எல்லாம் பொருந்தியது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கட்டடத்தில் இத்தனை பெண்கள் ஏறி வேலை செய்யப் போகிறார்கள், அதில் ஒருத்தி என் அக்கா. அவர்களைக் கதவோடு இழுத்து வேறு இடத்தில் வைக்க முடியாது. இதைச் சொன்னேன். அண்ணாச்சி முறுக்குப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

பார்வையிட ஆபீசர் வந்தார். இறால் நாற்றம் தாங்காமல் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு முற்றத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மேலே ஏறவில்லை, கட்டடத்தைச் சுற்றிப் போகவும் இல்லை. படத்தை மடியில் விரித்து, தூரத்திலிருந்து படி தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தது. பிறகு விரலை வட்டத்தின்மேல் வைத்தார். "இங்க மரம் காட்டியிருக்கீங்களே, எங்க?" அண்ணாச்சிதான் முந்திக்கொண்டார்: "நடுததுக்குச் சொல்லியாச்சு சார், கன்னு வந்துக்கிட்டிருக்கு." மறுநாளே நர்சரியிலிருந்து ஒரு புங்கங்கன்று வந்தது. சிமெண்டை உடைத்து, குழி தோண்டி, அதைச் சுற்றி வட்டமாகக் கல் கட்டி நட்டார்கள். படத்தில் எந்த இடமோ அதே இடம். டேப் பிடித்து நான்தான் இடம் காட்டினேன். அந்தக் கல்லைக் கட்ட அதே கொத்தனார் அரைநாள் உட்கார்ந்தார். நடைபாதைக்கு ஒரு தகடு கிடைக்காத கம்பெனியில் மரத்துக்குச் சிமெண்டு கிடைத்தது. அனுமதி வந்தது.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மற்றப் பெண்களிடம் சொன்னாள். சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டார்கள். "ஆபீசரே ஓகே சொல்லிட்டாரு, உங்களுக்கு இன்னா?" என்றார் அவர். வேலைக்கு வரவில்லை என்று சொல்ல அவர்களுக்கு வசதி இல்லை. அங்கே போகாவிட்டால் வேறு கம்பெனி. அங்கே இதே ஐஸ் தண்ணீர், சிவப்புக் கதவுகூட இருக்காது. மேலே போனார்கள், வேலை செய்தார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். காற்று வந்தது. நாள் போகப் போக, உரித்த இறால் தோலைக் கூடையில் சுமந்து உள்படி வழியாக இறங்குவதற்குச் சோம்பல்பட்டு, கதவு வழியாகக் கீழே கொட்ட ஆரம்பித்தார்கள். கட்டடத்துக்கும் மதில் சுவருக்கும் இடையில் யாரும் போகாத சந்து அது. தோல், தலை, அழுகிய சாக்கு, உடைந்த தெர்மாகோல் பெட்டி எல்லாம் அங்கே விழுந்து மேடாக ஏறியது. நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். ரோட்டில் போகிற பஸ் ஜன்னலை மூடும். சூப்பர்வைசர் தினம் கத்துவார்: "கலீஜ் பண்ணாதீங்கம்மா! அள்ளிக் கொட்டுங்க!" அக்கா மேலிருந்து குரல் கொடுப்பாள்: "தோ, படி வழியா எறங்கி வந்து அள்றோம் சார். நீ கதவாண்ட படியக் கொண்டாந்து வை!" அவர் போய்விடுவார்.

கசிவு ஒரு காலைப் பொழுதில் நடந்தது. நான் அப்போது எண்ணூரில் இன்னொரு கிடங்கை அளந்துகொண்டிருந்தேன். அக்கா சொல்லித்தான் தெரியும். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "கீழ டமால்னு ஒரு சவுண்டு. அப்பால கண்ணு எரிஞ்சிது பாரு, மெளகாத்தூளக் கொட்டுன மாரி. உள்படியாண்ட ஓடுனோம், அது வழியாதான் மேல ஏறிகினு வருது. திரும்பி ஓடியாந்தோம். செவப்புக் கதவாண்ட எல்லாரும் நிக்கறோம். படி அந்தாண்ட சும்மா நிக்குது. கை நீட்டுனாலும் எட்டாது. ஒருத்தி மூச்சு முட்டி உக்காந்துட்டா. நான் கீழப் பாத்தேன். மேடு கீது. குதிங்கடீன்னேன். நாத்தம்க்கான்னு ஒருத்தி அழுவறா, மெய்யாலுமே! சாவப் போற நேரத்துல நாத்தமாம். புடிச்சித் தள்ளி உட்டேன்." ஒவ்வொருத்தியாக இறால் தோல் மேட்டில் விழுந்தார்கள். இடுப்பு வரைக்கும் உள்ளே போனார்கள். முள்ளும் கொம்பும் கிழித்தன, தோல் வாய்க்குள் போனது, ஆனால் எலும்பு தப்பியது. கடைசியில் அக்கா குதித்தாள். அதற்குள் மேடு சரிந்து ஓரத்தில் தரை தெரிந்திருந்தது. இடது கணுக்கால் உடைந்தது. யாரும் சாகவில்லை.

பெரியாஸ்பத்திரியில் அக்காவைப் பார்க்கப் போனபோது அவள் தலைமுடியில் இன்னும் இறால் மீசை சிக்கியிருந்தது. நான் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி ஒரு அல்வா டப்பாவோடு வந்தார். முகம் நிஜமாகவே வாடியிருந்தது. கண்ணில் ஈரம் இருந்தது. அக்காவின் கையைப் பிடித்து, "தாயி, உனக்கு ஒண்ணும் ஆவலயே, அது போதும்" என்றார். பிறகு அந்த ஈரக் கண்ணோடேயே சொன்னார்: கம்பெனிக்காரர்கள் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்களாம், எல்லாத் தொழிலாளரும் அவசரப் படிக்கட்டு வழியாகப் பத்திரமாக வெளியேறினார்கள் என்று. யாராவது வந்து கேட்டால் அப்படியே சொன்னால் எல்லாருக்கும் நல்லது. "நம்ம படி ஆளக் காப்பாத்திருக்கு தாயி."

அக்கா கையை உருவிக்கொண்டாள். "அண்ணாச்சி, எனக்கு ஒரு ஆச. நீ மேல போயி, அந்தக் கதவத் தொறந்து, உன் படில எறங்கி வா. நான் கீழ குந்திகினு கை தட்டறேன். வரும்போது அந்த அல்வாவையும் கையில எட்துகினு வா, கீழ வந்ததும் துன்னலாம்."

பக்கத்துக் கட்டிலில் இருந்த, கூடக் குதித்த பெண் சிரிக்கத் தொடங்கி, கேஸ் ஏறிய நெஞ்சு எரிய இருமினாள். அண்ணாச்சியும் சிரித்தார். அவருக்கு உறைக்கவே இல்லை. அக்காவின் தலையணைக்குப் பக்கத்தில் டப்பாவை வைத்துவிட்டு, என்னை நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார். விசாரிக்க வந்தவர்களிடம் அக்கா குதித்ததைத்தான் சொன்னாள். அவர்கள் தலையாட்டிக்கொண்டே வேறு எதையோ எழுதிக்கொண்டு போனார்கள். கதவுக்குக் கீழே இருந்த அந்தச் சந்தில் மறுவாரமே எல்லாவற்றையும் சுத்தமாக அள்ளி, கழுவி, பினாயில் ஊற்றிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நடைபாதை வரவில்லை.

அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கு வந்துபோன மறுநாள் ஆபீசுக்குப் போனேன், என் மாற்றுச் சட்டையும் டேப்பும் அங்கே இருந்தன. எண்ணூர்க் கிடங்கின் படத்துக்குப் படி வேண்டியிருந்தது. அண்ணாச்சி பின்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்த எறா கம்பெனி படியையே போடு. அது ஆளக் காப்பாத்துன படி. சோதிச்சுப் பாத்தாச்சு." ஃபைலின் பெயரைக்கூட மாற்றியிருந்தார்கள், 'சேஃப்' என்று. டிப்ளமோ என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு இன்னா மாமு, தட்டச் சொன்னாரு, தட்டறேன்" என்று திரையிடம் சொன்னான். டக், டக், டக். படி வந்தது. மரம் வந்தது. நான் டேப்பை அங்கேயே வைத்துவிட்டுச் சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். படியில் இரண்டு முறை ஓங்கரித்தேன், ஒன்றும் வரவில்லை.

அதன் பிறகு தூத்துக்குடி, மங்களூர், மறுபடி குஜராத் என்று போய்வந்தேன். அண்ணாச்சி செத்துப்போனது, ஊர் திரும்பியபோது சுவரில் பார்த்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்தான் தெரிந்தது. அவர் படத்துக்குக் கீழே மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் பேர்கள். அதற்கும் கீழே, அழிக்க விட்டுப்போய், வேறு ஏதோ குடும்பத்தின் இரண்டு பேத்திகளின் பேரும் கிடந்தது. போஸ்டர் அடித்தவனும் பழைய ஃபைலைத்தான் இழுத்துப் போட்டிருக்கிறான். ரோட்டில் நின்று நான் சிரித்தேன். துக்கம் வரும் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன், அவர் போட்ட சோறு ஞாபகம் வந்தது, துக்கம் வரவில்லை.

இப்போது எண்ணூர் ரோட்டில் ஒரு புதுக் கிடங்கில் பகல் வாட்ச்மேனாக இருக்கிறேன். அக்காவோடுதான் இருக்கிறேன், அவள் கால் சரியாகக் கூடவில்லை, வீட்டு வாசலில் உட்கார்ந்து இட்லி விற்கிறாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கேட்டுக்குள் நுழைந்ததுமே வாயில் உப்புநீர் ஊறியது. சிமெண்டு முற்றத்தில், வட்டமாகக் கட்டிய கல்லுக்குள், ஒரு புங்கமரம். நிழல் தருகிற இடமும் இல்லை, அழகுக்கு வைக்கிற இடமும் இல்லை. லாரி திரும்பும்போது இடிக்கிற இடம். நான் மரத்தைப் பார்க்கவில்லை, அண்ணாந்து பார்த்தேன். நேராக ஏறுகிற இரும்புப் படி. மேடை கடல் முனையில். அதற்கு நேராக வெறும் சுவர். கதவு எங்கே என்று தேடினேன். ரோட்டு முனையில், காற்றில், சிவப்பாக இருந்தது. மேலே மாடியில் மீன் பாக்கெட் போடும் பெண்கள். கீழே அமோனியா.

மேனேஜரிடம் சொன்னேன். அனுமதி வாங்கிய படம் இருக்கிறது என்றார். மரத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும், பார்வையிட வருகிறவர்கள் கேட்பார்கள் என்றும் சொன்னார். ஊற்றுகிறேன். ஊற்றிவிட்டு, கிடங்கில் சேருகிற தெர்மாகோல் பெட்டி, கிழிந்த சாக்கு, பஞ்சு, வைக்கோல், அட்டை எல்லாவற்றையும் பெருக்கி இழுத்துக்கொண்டுபோய் சிவப்புக் கதவுக்கு நேர்கீழே போடுகிறேன். ஓரம் சரியாமல் கல் அணைத்து, மேலே சாக்கைப் பரப்பி, ஏறி மிதித்துப் பார்க்கிறேன். மேனேஜர் ஆள் வைத்து அள்ளச் சொல்கிறார். அள்ளிப் போகிறார்கள். மறுபடி போடுகிறேன். "குப்பைய ஏன்யா இங்கயே சேக்கற?" என்று கேட்டால், "காத்து இஸ்துகினு வந்து சேத்துடுது சார்" என்கிறேன். என்னை அரைப் பைத்தியம் என்று பேசிக்கொள்கிறார்கள். வேறு ஆள் கிடைக்காததால் வைத்திருக்கிறார்கள்.

மழை பெய்து சாக்கெல்லாம் ஊறி, மீன் கழிவும் சேர்ந்து, மேடு புளித்துப்போயிருந்தது நேற்று. மேலே சிவப்புக் கதவைத் திறந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு.

"இன்னாண்ணா இது, கலீஜா! மேல வரைக்கும் நாத்தம் வருது!"

"வரட்டும்மா" என்றேன். அண்டாவில் மிச்சமிருந்த தண்ணீரை மரத்தில் ஊற்றிவிட்டு, இன்னொரு சாக்கை இழுக்கப் போனேன்.